எட்டு மில்லிமீட்டருக்கு மூன்று படம்

லெகோ கட்டைகளை வைத்து முதன்முதலாக ஸ்டாப் மோஷன் படம் எடுத்த பிள்ளை, நூறு புகைப்படங்களையும் வரிசையாக ஓடவிட்டுப் பார்க்கிற அந்த நிமிடம் கொஞ்சம் வருத்தமானது. பொம்மை நடக்கத்தான் செய்கிறது. கூடவே தரை நடுங்குகிறது, சுவர் மஞ்சளாகிப் பிறகு வெளுக்கிறது, ஓரத்தில் நிற்கும் விளக்குக் கம்பம் இரண்டு முறை துள்ளுகிறது. "நல்ல கேமரா இருந்தா சரியா வந்திருக்கும்" என்று வீட்டில் யாராவது தேற்றுவார்கள். குறை கேமராவில் இல்லை.

1912-ல் ஜெர்மானிய உளவியலாளர் மாக்ஸ் வெர்தைமர் ஓர் ஆய்வை வெளியிட்டார். அருகருகே இரண்டு கோடுகளை மாற்றி மாற்றிக் காட்டினார். இடைவெளி நீண்டால் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரிந்தன. மிகவும் குறைந்தால் இரண்டும் சேர்ந்தே தெரிந்தன. நடுவில் ஓர் அளவில், ஒரே கோடு இங்கிருந்து அங்கே நகர்வதாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள். அங்கே எதுவும் நகரவில்லை. நகர்வை மூளை தானாக உண்டாக்கிக்கொண்டது.

நொடிக்கு 12 படம் ஓடும் நம் பொம்மைப் படமும் இந்தத் தயவில்தான் உயிர் பெறுகிறது. ஆனால் எதை நாம் வேண்டுமென்றே நகர்த்தினோம், எது கைதவறி நகர்ந்தது என்று மூளைக்குத் தெரியாது. இரண்டு படங்களுக்கு நடுவே மாறிய எல்லாவற்றையும் அது அசைவாக்கிவிடும். 1933-ல் வந்த 'கிங் காங்' படத்தில் ராட்சதக் குரங்கின் ரோமம் காற்றில்லாமலே சிலுப்பிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு படத்துக்கும் பொம்மையைத் தொட்ட விரல்கள் ரோமத்தைக் கலைத்ததன் தடம் அது.

ஆகவே, அசையக் கூடாததை அசையாமல் நிறுத்துவதுதான் முதல் வேலை. டிரைபாட் இல்லாவிட்டால் கட்டைகளாலேயே கைபேசிக்கு ஒரு தாங்கி கட்டலாம். அதையும் காட்சியின் அடித்தட்டையும் மேசையோடு டேப் போட்டு இறுக்கிவிடுங்கள். திரையைத் தொடும் விரலே கைபேசியை அசைத்துவிடும் என்பதால், இயர்போனின் ஒலிப் பொத்தானை அழுத்திப் படம் எடுப்பது நல்லது. பல கைபேசிகளில் அது வேலை செய்யும்.

வெளிச்சம்தான் பெரிய வில்லன். நூறு படம் எடுக்க இரண்டு மணி நேரம் ஆகிறது என்று வையுங்கள். ஜன்னல் வெயிலில் எடுத்தால் அந்த இரண்டு மணி நேர நிழல் முழுவதும் எட்டே நொடியில் தரையில் ஓடும். திரையை இழுத்துவிட்டு விளக்கைப் போடுங்கள். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. சோக் போட்ட பழைய டியூப் லைட்டும் சில மலிவான எல்.இ.டி. பல்புகளும் நொடிக்கு 100 முறை மங்கி எழுகின்றன. ஷட்டர் மிக வேகமாக மூடினால் ஒரு படம் மங்கலிலும் அடுத்தது பிரகாசத்திலும் மாட்டும். ஷட்டரை 1/50 அல்லது 1/25 நொடியில் வைத்தால் ஒவ்வொரு படத்துக்குள்ளும் முழு ஏற்ற இறக்கங்களே விழும், வெளிச்சம் சமமாகிவிடும். எக்ஸ்போஷர், ஃபோகஸ், ஒயிட் பேலன்ஸ் மூன்றையும் தானியங்கியிலிருந்து எடுத்துப் பூட்டிவிடுங்கள். பளபளப்பான பிளாஸ்டிக்கில் உங்கள் சட்டை நிறம்கூடப் பிரதிபலிக்கும். கறுப்புச் சட்டை உத்தமம்.

அடுத்து, நகர்த்துவது. எவ்வளவு நகர்த்துவது என்பதைக் கணக்குப் போட்டே கண்டுபிடிக்கலாம். எனக்கு இந்தக் கலையில் மிகவும் பிடித்த இடம் இதுதான். லெகோ மனிதனின் உயரம் சுமார் 4 செ.மீ.; 170 செ.மீ. ஆளோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ 42-ல் ஒரு பங்கு. மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் நடக்கும் ஆள், ஒரு நொடியின் பன்னிரண்டில் ஒரு பங்கில் சுமார் 11.5 செ.மீ. போவார். அதை 42-ஆல் வகுத்தால் 2.7 மி.மீ. கட்டையில் குமிழுக்குக் குமிழ் 8 மி.மீ. ஆக, ஒரு குமிழ் தூரத்துக்கு மூன்று படம்! குமிழில் மாட்டினால் இடையில் நிறுத்த முடியாது; நடக்கும் பாதைக்கு வழவழப்பான தட்டைப் பதித்து, பக்கத்தில் இருக்கும் குமிழ் வரிசையையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். கிளம்பும்போதும் நிற்கும்போதும் மட்டும் 1 மி.மீ., 2 மி.மீ. என்று படிப்படியாக.

விழுவதற்கு கலீலியோ வழி சொல்லியிருக்கிறார். சம கால இடைவெளிகளில் விழும் பொருள் கடக்கும் தூரங்கள் 1, 3, 5, 7 என்ற விகிதத்தில் கூடும். நம் அளவுக்கு அது 0.8, 2.4, 4, 5.6 மி.மீ. ஏழு படத்தில் பொம்மை தன் உயரம் அளவுக்கு விழுந்திருக்கும். பின்னால் மறைவாக ஒரு கம்பியைப் பொருத்திப் பிடித்துக்கொள்ளலாம். சமமாக இறக்கினால் அது விழுவதாகத் தெரியாது, லிஃப்டில் இறங்குவதாகத் தெரியும்.

1973-ல் டென்மார்க்கில் லார்ஸ் ஹாஸிங், ஹென்றிக் ஹாஸிங் இருவரும் நிலவுப் பயணம் பற்றி ஆறு நிமிட லெகோ படம் எடுத்தார்கள், சூப்பர் 8 பிலிமில். பிலிம் கழுவி வரும்வரை அசைவு சரியா தப்பா என்று பார்க்க வழியில்லை. இன்றைய செயலிகள் முந்தைய படத்தை மங்கலாகத் திரையில் காட்டுகின்றன. கம்பம் நகர்ந்திருந்தால் அப்போதே தெரிந்துவிடும், அந்த ஒரு படத்தை மட்டும் திரும்ப எடுக்கலாம்.

லெகோ மனிதனுக்கு முழங்கால் மடங்காது. 2014-ல் கணினியில் செய்யப்பட்ட 'தி லெகோ மூவி'யிலும் கலைஞர்கள் பொம்மையின் நிஜ மூட்டுகளை மீறவில்லை. அதனால் குதித்து இறங்கியவனை இடுப்பில் சட்டென வளையுங்கள், கைகளை மேலே தூக்குங்கள், ஒரே ஒரு படம். பிறகு மூன்று படங்களில் மெல்ல நிமிர்த்துங்கள். நிமிர்ந்த பிறகு ஐந்தாறு படங்களுக்கு அவனைத் தொடாதீர்கள். அப்போதுதான் கனம் தரையில் இறங்கியது தெரியும்.