வீட்டுக்கு வந்த விலங்குகள் – 14
புல், வெயில், வளை

கடந்த வாரம் லவ் பேர்ட்ஸ் குருவிகளைப் பார்த்தோம். இந்த வாரம் வருவது அதிகம் சத்தம் போடாத ஒரு பிராணி. முட்டையை உடைத்துக்கொண்டு வெளியே வரும்போது சுமார் 5 சென்டிமீட்டர் நீளம்தான் இருக்கும். உள்ளங்கையில் வைத்தால் கனமே தெரியாது. ஒழுங்காக வளர்ந்தால் 20 வருடங்களில் 40 கிலோவைத் தொட்டுவிடும். ஆண்களில் 100 கிலோவை எட்டியவையும் உண்டு. ஆயுள் 70 ஆண்டுகளுக்கு மேல். இதுதான் சல்கேட்டா என்னும் ஆப்பிரிக்க நில ஆமை. காலபகஸ், அல்டாப்ரா தீவுகளின் ராட்சத ஆமைகளை விட்டுவிட்டால் உலகிலேயே பெரிய நில ஆமை இதுதான்.

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பல பத்தாண்டுகளாக வீடுகளில் வளரும் சல்கேட்டா, இப்போது நம் நகரங்களிலும் கைமாறுகிறது. குட்டியைப் பார்த்ததும் யாருக்கும் ஆசை வரும். வாங்கிப் போகிறவர் கேட்பது இரண்டே கேள்விகள்: என்ன போடுவது? எங்கே விடுவது? இரண்டுக்கும் பதில் சஹாரா பாலைவனத்தின் தெற்கு ஓரத்தில் இருக்கிறது.

வளைக்குள் ஒரு வாழ்க்கை

செனகலில் தொடங்கி மாலி, நைஜர், சாட், சூடான் வழியாக எத்தியோப்பியா வரை ஆப்பிரிக்காவின் குறுக்கே நீளும் வறண்ட நிலத்துக்கு சஹேல் என்று பெயர். வருடத்தில் மூன்று நான்கு மாதம்தான் மழை. மற்ற மாதங்களில் புல் காய்ந்து சருகாகக் கிடக்கும். மழைக்காலத்தில் பச்சைப் புல், வறட்சியில் காய்ந்த புல் என்று சல்கேட்டா வாழ்வது அந்தப் புல்லை நம்பித்தான்.

வெயில் ஏறினால் வளைக்குள் போய்விடும். முன்னங்கால்களால் அது தோண்டும் வளை பல மீட்டர் நீளம் போகும். வெளியே 40 டிகிரியில் கொதிக்கும்போதும் உள்ளே குளுமையும் ஈரமும் இருக்கும். பாலைவன ஓரத்துப் பிராணி என்றதும் அதற்கு வறட்சிதான் பிடிக்கும் என்று நினைத்துவிடுகிறோம். உண்மையில் அது தன் பொழுதில் பெரும் பங்கைக் கழிப்பது ஈர மண்ணுக்குள். இது தெரியாதவர்கள் கையில் வளர்ந்து முதுகு கோணலாகிப்போன ஆமைகள் உலகம் முழுக்க இருக்கின்றன.

பசிக்குப் புல்

சல்கேட்டாவின் பெருங்குடலில் வாழும் நுண்ணுயிரிகள் நார்ச்சத்தை நொதிக்கவைத்துச் சத்தாக மாற்றித் தருகின்றன. ஆமைக்கு நாம் போடும் தீனி, முதலில் இந்த நுண்ணுயிரிகளுக்கான தீனி. அதனால் உணவில் பத்துக்கு எட்டுப் பங்காவது புல்லாக இருக்க வேண்டும். புல் கிடைக்காத நாளில் உலர்ந்த புல்லைச் சிறிதாக நறுக்கித் தண்ணீர் தெளித்து வைக்கலாம்.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் இதை வளர்ப்பவர்கள் தோட்டத்தில் பெர்முடா புல்லை வளர்த்து ஆமையை மேயவிடுகிறார்கள். அது பிள்ளையாருக்கு நாம் சாத்தும் அருகம்புல்லேதான். முள்ளைச் சீவிய சப்பாத்திக்கள்ளித் தண்டையும் கொடுக்கிறார்கள். அதில் சுண்ணாம்புச் சத்தும் உண்டு, நீரும் உண்டு. செம்பருத்தியின் இலையும் பூவும், மல்பெரி இலையும் நல்ல துணை உணவுகள்.

கேடு வருவது பெரும்பாலும் பாசத்தால்தான். வாழைப்பழத்தையும் மாம்பழத்தையும் ஆமை ஆவலாகத் தின்னும். அதிலுள்ள சர்க்கரை குடல் நுண்ணுயிரிகளின் சமநிலையைக் குலைத்துவிடும், வயிற்றுப்போக்கு வரும். முட்டை, இறைச்சி, நாய்த் தீனி, பால், ரொட்டி எதுவும் ஆகாது. பாலக் கீரையைத் தினசரித் தீனி ஆக்கக்கூடாது. அதிலுள்ள ஆக்ஸலேட், சுண்ணாம்புச் சத்தைப் பற்றிக்கொண்டு உடலில் சேரவிடாமல் செய்யும். அரளியும் ஊமத்தையும் விஷம். ஆமை மேயும் இடத்தில் இந்தச் செடிகள் இருக்கவே கூடாது.

ஓடு என்பது எலும்பு. விலா எலும்புகளும் முதுகெலும்பும் சேர்ந்தே அது உருவாகியிருக்கிறது. ஆகவே உணவில் சுண்ணாம்புச் சத்து பாஸ்பரஸைப்போல இரண்டு மடங்காவது இருக்க வேண்டும். கணவாய் மீனின் ஓட்டை ஒரு மூலையில் போட்டுவைத்தால், வேண்டும்போது ஆமை தானே கடித்துக்கொள்ளும்.

வெயில் செய்யும் வேலை

சுண்ணாம்புச் சத்தை எவ்வளவு கொடுத்தாலும் வைட்டமின் டி இல்லாமல் அது எலும்பில் சேராது. அந்த வைட்டமினை ஆமையின் தோல் தயாரிப்பது வெயிலில் உள்ள புற ஊதா பி கதிர்களைக் கொண்டு. ஜன்னல் கண்ணாடி இந்தக் கதிர்களைத் தடுத்துவிடும். கண்ணாடித் தொட்டிக்குள் வெளிச்சம் பளிச்சென்று விழுவதை நம்பி, ஆமை வெயில் காய்கிறது என்று நினைப்பது தவறு. நேரடி வெயில் வேண்டும். பக்கத்திலேயே ஒதுங்க நிழலும் வேண்டும். வெயில் கிடைக்காத வீடுகளில் இதற்கென்றே விற்கும் புற ஊதா விளக்கைப் பொருத்துகிறார்கள். விளக்கு தொடர்ந்து எரிந்தாலும் அந்தக் கதிரின் வலு ஆறு மாதம், ஒரு வருடத்தில் குறைந்துவிடும் என்பதால் அதை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

வெயில் கிடைக்காத குட்டிக்கு ஓடு அழுத்தினால் அமுங்கும், தாடை மென்மையாகும், கால் வளையும். இந்த நோய் ஒரே நாளில் வருவதில்லை. கண்ணுக்குத் தெரியும்போது பல மாதக் குறைபாடு ஏற்கெனவே எலும்பில் ஏறியிருக்கும்.

குட்டிக்கு ஈரமான அறை

ஓட்டில் உள்ள ஒவ்வொரு கட்டமும் கோபுரம்போல் மேலெழும்பி நிற்கும் சல்கேட்டாக்களைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அது அழகல்ல, கோளாறு. புரதம் அதிகமானதால் வரும் கோளாறு என்றே நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். ஆஸ்திரியாவைச் சேர்ந்த வீஸ்னர், ஈபன் என்ற இரு ஆய்வாளர்கள் 50 சல்கேட்டாக் குட்டிகளை ஐந்து மாதம் வெவ்வேறு ஈரப்பதத்திலும் வெவ்வேறு புரத அளவிலும் வளர்த்துப் பார்த்து, 2003-இல் முடிவை வெளியிட்டார்கள். காய்ந்த காற்றில் வளர்ந்தவற்றுக்கே ஓடு அதிகம் புடைத்தது. புரதத்தின் பங்கு சிறியது. வளைக்குள் இருக்கும் ஈரம் ஓட்டுக்கு எவ்வளவு முக்கியம் என்பது அப்போது தெளிவானது.

அதனால் குட்டியின் பெட்டியில் ஈரப்பதம் 80 சதவீதத்தை ஒட்டி இருக்க வேண்டும். தரையில் பரப்ப உலகெங்கும் பயன்படுவது தென்னை நார்த்தூள். பொள்ளாச்சியிலிருந்து கப்பல் ஏறும் பொருள் அது. நமக்கு எளிதாகவே கிடைக்கும். மணல் வேண்டாம். தீனியோடு வயிற்றுக்குள் போனால் குடலை அடைத்துவிடும். பெட்டியின் ஒரு முனை 35 டிகிரி சூடாகவும் மறுமுனை மிதமாகவும் இருந்தால், தனக்கு வேண்டிய இடத்தை ஆமையே தேர்ந்துகொள்ளும். இரவிலும் வெப்பம் 26 டிகிரிக்குக் கீழே இறங்கக்கூடாது. தினமும் கால் மணி நேரம், தலை மூழ்காத அளவு வெதுவெதுப்பான தண்ணீரில் உட்காரவைக்க வேண்டும். தண்ணீர் போதாத ஆமையின் சிறுநீர்ப்பையில் கல் சேரும்.

பெரியதற்குத் தோட்டமே வீடு

நான்கைந்து வயதுக்குப் பிறகு எந்தப் பெட்டியும் போதாது, தோட்டம் வேண்டும். சுவர் அதன் கண்ணுக்கு மறைப்பாக இருக்க வேண்டும். கம்பி வலைக்கு அப்பால் வெளி தெரிந்தால் நாள் முழுக்க முட்டிக்கொண்டே இருக்கும். சுவருக்கு அஸ்திவாரமும் தேவை, ஏனென்றால் அது தோண்டும். வீட்டுச் சுவரை ஒட்டி வளை தோண்டினால் வீட்டுக்கே ஆபத்து. இது குளிர்தூக்கம் போடும் ஆமை அல்ல. குளிர் விழும் ஊர்களில் இரவில் படுக்கச் சூடேற்றிய கொட்டகை கட்டித் தர வேண்டும். இரண்டு ஆண்களை ஒன்றாக விடவே கூடாது. சண்டையில் ஒன்றையொன்று புரட்டிப் போடும்; வெயிலில் மல்லாந்து கிடக்கும் ஆமை இறந்துபோகும்.

எங்கே போய் முடிகிறது

அமெரிக்கா 2000-ஆம் ஆண்டில் சல்கேட்டா இறக்குமதிக்குத் தடை போட்டது. ஆமைகளோடு வந்த ஆப்பிரிக்க உண்ணிகள், ஆடுமாடுகளைக் கொல்லும் நோயைப் பரப்பிவிடும் என்ற அச்சமே காரணம். அதற்குள் அங்கே இவை பெருகிவிட்டன. ஒரு பெண் ஆமை ஒரே ஈட்டில் 20 முட்டைக்கு மேல் இடும். குட்டியாக வாங்கியவர்கள், வளர்ந்ததும் இடமில்லாமல் கைவிடுகிறார்கள். அரிசோனாவில் இப்படி விடப்பட்ட ஆமைகளால் மீட்பு இல்லங்கள் நிரம்பியிருக்கின்றன.

அதே ஆமை பிறந்த மண்ணில் அருகிவருகிறது. மேய்ச்சல் நிலம் குறைந்ததும், பிடித்து விற்றதும் காரணங்கள். காட்டில் பிடித்த சல்கேட்டாவை வணிகத்துக்காக ஏற்றுமதி செய்ய 2000 முதல் சர்வதேச ஒப்பந்தம் இடம் தருவதில்லை. செனகலில் தோமா தியாஞ் என்பவர், நொஃப்லாய் என்ற ஊரில் ஆமைகளுக்கென்றே ஒரு கிராமம் அமைத்து, மீட்டவற்றை வளர்த்துப் பெருக்கிக் காட்டில் விடும் பணியைத் தொடங்கிவைத்தார்.

நமக்கு ஒரு வார்த்தை

நம் மண்ணின் நட்சத்திர ஆமையை வீட்டில் வைப்பது குற்றம். 2022-இல் திருத்தப்பட்ட வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம் அதை முதல் அட்டவணையில் வைத்திருக்கிறது. எங்கேயாவது கண்ணில் பட்டால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். சல்கேட்டா வெளிநாட்டு இனம். 2024-இல் வந்த விதிகளின்படி அதை வைத்திருப்பவர்கள் அரசின் பரிவேஷ் தளத்தில் பதிவு செய்ய வேண்டும். வளர்க்க முடியவில்லை என்று காட்டிலோ ஏரிக்கரையிலோ விட்டுவிடாதீர்கள். அது அந்த ஆமைக்கும் கேடு, அங்கே வாழும் மற்ற உயிர்களுக்கும் கேடு.

ஏற்கெனவே வளர்த்துவருகிறவர்கள் இன்றே பழத்தட்டை எடுத்துவிட்டு அருகம்புல்லை வையுங்கள். கண்ணாடித் தொட்டியிலிருந்து வெயிலுக்குக் கொண்டுவாருங்கள். தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவப் பிள்ளைகளைப் பழக்குங்கள். ஆமையின் உடலில் சால்மொனெல்லா கிருமி இருக்கக்கூடும். வாங்கலாமா என்று யோசிக்கிறவர்கள், 40 கிலோ ஆமை நடக்க இடமும், உங்களுக்குப் பிறகு அதைப் பார்த்துக்கொள்ள ஆளும் உண்டா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் வாங்காதீர்கள்.

(தொடரும்)