இல்லத்தில் கேட்கத்தக்க கொரியப் பாடல்கள்: ஓர் அறிமுகம்

உத்திரமேரூர் என்றவுடன் கற்றோர் நினைவில் எழுவது குடவோலை முறையே ஆகும். முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பெற்ற கல்வெட்டுகளை இவ்வூர் வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவர்களில் இன்றும் காணலாம். வாரியத்திற்கு வருவோர் 35 அகவைக்கு மேற்பட்டு, 70 அகவைக்கு உட்பட்டவராதல் வேண்டும். முன்னர்ப் பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதோரும் அவர்தம் உறவினரும் ஆகார். இவ்வாறு தகுதியை வரையறுத்த பின்னரே நம் முன்னோர் ஓலைகளைக் குடத்தில் இட்டனர். ஒன்றும் அறியாச் சிறுவன் ஒருவனைக் கொண்டு அவற்றை எடுப்பித்தனர்.

கொரியப் பாடல்களைப் பற்றிக் கூற வந்தோர் குடவோலையை விரிப்பது ஏன் என வாசகர் வினவலாம். காரணம் உண்டு. இன்று நம் பிள்ளைகளின் செவியை அடையும் பாடல்களும் ஒரு குடத்திலிருந்தே எடுக்கப்படுகின்றன. அக்குடம் கைப்பேசி. எடுப்பதோ சிறுவனின் கையன்று. எதைக் காட்டினால் பிள்ளை மேலும் பார்க்கும் எனக் கணிக்கும் கணினியின் கணக்கு. தகுதியை வரையறுக்கும் பணியை மட்டும் பெற்றோரும் ஆசிரியருமாகிய நாம் செய்யாது விட்டோம்.

இதன் விளைவை 2024 சனவரித் திங்களில் தமிழகம் கண்டது. கரூர் மாவட்டச் சிற்றூர் ஒன்றைச் சேர்ந்த பள்ளி மாணவியர் மூவர், பதின்மூன்று அகவையினர், பி.டி.எஸ். என்னும் கொரியப் பாடகர் குழுவினரைக் காணும் வேட்கையால் இல்லம் நீங்கினர். விசாகப்பட்டினம் சென்று அங்கிருந்து கப்பலேறிக் கொரியா செல்வது அவர்தம் எண்ணம். கையில் இருந்தது 14,000 ரூபாய். காட்பாடித் தொடர்வண்டி நிலையத்தில் மீட்கப்பெற்றுப் பெற்றோரிடம் சேர்க்கப்பட்டனர். நாளேடுகளில் இச்செய்தியைப் படித்துச் சிரித்தோர் பலர். நமக்குச் சிரிப்பு வரவில்லை. அம்மூவர் விரும்பிய பாடல்களின் பொருளை அறிந்து அவர்களோடு உரையாடியோர் எத்துணைப் பேர் என்னும் வினாவே எழுந்தது.

நம் இல்லத்தில் ஒரு நிகழ்ச்சி

பிறரைக் கூறுமுன் நம்மைக் கூறுதல் முறை. மேல்நிலைப் பள்ளியில் பயிலும் நம் மகளின் கையேட்டு ஓரங்களில் வட்டமும் கோடுமாய் அயல் எழுத்துகளைக் கண்டு சினந்து, கைப்பேசியைப் பறித்து அலமாரியில் பூட்டினோம். மூன்று நாள் வீட்டில் பேச்சில்லை. நான்காம் நாள், "அப்படி என்னதான் அந்தப் பாட்டில் இருக்கிறது, சொல்" என்று கேட்டோம். அவள் ஒரு பாடலை ஒலிக்கச் செய்து, வரிவரியாகப் பொருள் கூறினாள். 'ஜி.ஓ.டி.' என்னும் குழு 1999இல் பாடிய 'அன்னைக்கு' என்னும் பொருள்படும் பாடல் அது. வறிய இல்லத்துச் சிறுவன் நாள்தோறும் ஒரே உணவா என முறையிடுகிறான். தாய் மறைத்து வைத்திருந்த சிறு தொகையை எடுத்து, கறுத்த பயற்றுச் சாற்றில் பிசைந்த 'சாசாங்மியோன்' என்னும் நூடுல்சை அவனுக்கு வாங்கித் தருகிறாள். தான் ஒரு வாயும் உண்ணவில்லை. தனக்கு அது பிடிக்காது என்கிறாள். பின்னாளில் தாயும் மகனும் சிறிய உணவுக்கடை ஒன்றைத் திறக்கின்றனர். தாய் அதன் பயனைத் துய்க்குமுன் கண்மூடுகிறாள்.

கூடத்தில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்த நம் அன்னையார் பேத்தியை நோக்கி, "உங்க அத்தா படிக்கிற காலத்துல நானும் இப்படித்தாம்மா, எனக்குப் பசிக்கலன்னு சொல்லிட்டுத் தட்டை அவன் பக்கம் தள்ளி வெப்பேன்" என்றார். அன்றுவரை நாம் அதனை அறியோம். அறிவித்தது ஒரு கொரியப் பாடலும், நாம் பூட்டி வைத்த கைப்பேசியுமே. இக்கட்டுரை எழுந்தது அதனால்தான்.

கொரியா நமக்கு அயலா?

நம் மாணவரின் தந்தையரும் தமையரும் பணிபுரியும் தொழிற்சாலைகளை எண்ணுக. திருப்பெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் மகிழுந்துகளை உருவாக்கிவரும் ஹுண்டாய் கொரிய நிறுவனம். திருப்பெரும்புதூரில் 2007 முதல் இயங்கும் சாம்சங்கும் அவ்வாறே. அப்பகுதிக் கடைப் பலகைகளில் தமிழுக்கு அருகே கொரிய எழுத்து இடம்பெறுவது கண்கூடு. இந்திய-கொரியப் பண்பாட்டு உறவுக்கென 'இன்கோ மையம்' சென்னையில் 2006இல் தோன்றியது. தொழில் வழியே வந்த நாடு இப்பொழுது பாட்டு வழியே வருகிறது, அவ்வளவே.

மொழி மாணவர்க்கு வேறோர் இன்பமும் உண்டு. கொரியர் தாயை 'ஓம்மா' என்றும் தந்தையை 'அப்பா' என்றும் அழைப்பர். பயனிலை இறுதியில் வருதலும், வேற்றுமையை உருபேற்றி உணர்த்துதலும், மூத்தோர்க்கு மதிப்புச் சொல் வழங்குதலும் இரு மொழிக்கும் பொது. ஹோமர் ஹல்பர்ட் என்னும் அமெரிக்கர் 1905இல் கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஒரு நூலே எழுதினார். ஆயினும் இவ்வொப்புமைகளைக் கொண்டு இரண்டும் ஒரு குடும்பம் எனத் துணிதல் கூடாது. இன்றைய மொழியியலார் அதனை ஏற்பதில்லை. தாய் தந்தையரைக் குறிக்கும் சொற்கள் உலக மொழிகள் பலவற்றிலும் ஒத்த ஒலியுடையன.

கொரியரின் எழுத்து வியப்பிற்குரியது. சேஜோங் மன்னர் 1443இல் வகுத்து 1446இல் வெளியிட்ட 'ஹங்குல்' எழுத்துகளில், அடிப்படை மெய்யெழுத்துகளின் வடிவம் நா, இதழ், பல், மிடறு ஆகியவற்றின் நிலையைக் காட்டுமாறு அமைந்தது. எழுத்துகளின் பிறப்பிடத்தைப் பிறப்பியலில் ஆராய்ந்த தொல்காப்பியரைக் கற்கும் நம் மாணவர், இதனை எளிதில் சுவைப்பர்.

தோற்றமும் வளர்ச்சியும்

கொரியரின் நாட்டுப்பாடல்களுள் தலையாயது 'அரிரங்'. பிரிவையும் ஏக்கத்தையும் மலைக்கணவாய் கடத்தலையும் பாடும் இதற்கு வட்டாரந்தோறும் வேறுவேறு வடிவங்கள் உள. யுனெஸ்கோ நிறுவனம் தென்கொரியாவின் மரபாக 2012இலும், வடகொரியாவின் மரபாக 2014இலும் இதனைப் பட்டியலில் சேர்த்தது. பிளவுண்ட நாட்டின் இரு பாதியும் ஒரே பாட்டைத் தமதெனக் கொள்கின்றன. கொரியப் பாட்டை அறியப் புகுவோர் இதனிலிருந்து தொடங்குதல் நன்று.

'கே-பாப்' எனப்படும் இக்காலக் கொரிய மெல்லிசைக்கு 1992இல் அறிமுகமான 'சோ தைஜியும் சிறுவர்களும்' என்னும் குழுவைத் தொடக்கமாகக் கொள்வர். 2000இல் மணிப்பூரில் போராளி அமைப்பு ஒன்று இந்திப் படங்களுக்குத் தடை விதித்தபோது, அங்குள்ளோர் கொரியத் தொலைக்காட்சியை நாடினர். இந்தியாவில் கொரிய அலை முதலில் அங்கேதான் அடித்தது. 2012இல் சை என்பார் பாடிய 'கங்னம் ஸ்டைல்' நூறு கோடி முறை பார்க்கப்பட்ட முதல் யூடியூப் காட்சியாயிற்று. சியோல் நகரின் செல்வர் பகுதியில் வாழ்வோரின் பகட்டை எள்ளும் அங்கதம் அது. பொருளறியாமலே உலகம் அதற்கு ஆடியது.

கேட்கத்தக்க சில பாடல்கள்

பாடல்களைத் தெரிந்தெடுக்க நாம் கொண்ட அளவுகோல் இரண்டே. பாட்டனும் பேத்தியும் ஒருங்கமர்ந்து அதன் பொருளைப் பேச இயல வேண்டும். கேட்டபின் மனத்தில் ஒரு நற்கருத்தேனும் தங்க வேண்டும். முற்கூறிய 'அன்னைக்கு' என்னும் பாடலுடன் பின்வருவனவற்றையும் பரிந்துரைக்கின்றோம்.

முதலாவது, மழலையர்க்குரிய 'பேபி ஷார்க்'. பிங்க்ஃபாங் என்னும் கொரிய நிறுவனம் 2016இல் வெளியிட்டது. குட்டிச் சுறா, தாய், தந்தை, பாட்டி, தாத்தா எனக் குடும்பம் முழுதும் இதில் வருகிறது. 2022 சனவரியில் ஆயிரங்கோடி முறை பார்க்கப்பட்ட முதல் யூடியூப் காட்சி இதுவே. நம் வீட்டுச் சிறார் பாடுவது கொரிய நிறுவனத்தின் படைப்பு என்பதைப் பெற்றோர் பலர் அறியார்.

இரண்டாவது, உடன்பிறந்தார் பாடல்கள். 'ஆக்மு' என்பது அண்ணனும் தங்கையுமாகிய இருவர் குழு. மங்கோலியாவில் வளர்ந்த இவர்கள் 2013இல் ஒரு பாட்டுப் போட்டியில் வென்று, 2014இல் முதல் இசைத்தொகுப்பை வெளியிட்டனர். அதில் உள்ள 'பனிக்கட்டிகள்' என்னும் பாடல், வளர்ந்தோரின் நெஞ்சம் ஏன் இவ்வளவு குளிர்ந்து உறைந்தது எனக் குழந்தையின் நோக்கில் வினவுகிறது. பெரியோர் கேட்க வேண்டிய சிறுவர் குரல் இது.

மூன்றாவது, ஐயு என்னும் பாடகியின் 'இரவு மடல்' (2017). மின்மினியின் ஒளியை அன்பர் சாளரத்தருகே அனுப்பி, நற்றுயிலை வாழ்த்தும் மென்மையான பாடல். ஆரவார இசையை விரும்பாத முதியோர்க்கும் இது இசையும்.

நான்காவது, 'கேர்ள்ஸ் ஜெனரேஷன்' குழுவினர் 2007இல் பாடிய, 'மீண்டும் சந்தித்த உலகம்' என்னும் பொருளுடைய பாடல். 2016இல் சியோல் நகர ஈஹ்வா மகளிர் பல்கலைக்கழக மாணவியர் தம் போராட்டத்தில், காவலர் எதிர்நிற்கக் கைகோத்து இதனைப் பாடினர். இளம்பெண்டிர் பாடிய மெல்லிசைப் பாட்டொன்று, அஞ்சாமைக்குத் துணையானமைக்கு இது சான்று.

ஐந்தாவது, பி.டி.எஸ். குழுவினரின் பாடல்கள். எழுவர் கொண்ட இக்குழு 2013இல் தோன்றியது. 2017இல் வந்த 'இளவேனில் நாள்' காணாது போன நண்பருக்காக ஏங்குவது. 2014 ஏப்ரல் 16இல் சேவோல் கப்பல் மூழ்கி 304 பேர் மாண்டனர். பெரும்பாலோர் சுற்றுலா சென்ற பள்ளி மாணவர். அவர்களை நினைத்தே கொரியர் பலர் இப்பாடலைக் கேட்கின்றனர். பெருந்தொற்றுக் காலமாகிய 2020இல் வந்த 'லைஃப் கோஸ் ஆன்', உலகம் நின்றுபோனாலும் வாழ்க்கை தொடரும் என ஆறுதல் கூறியது. பெரும்பகுதி கொரிய மொழியில் அமைந்து அமெரிக்காவின் பில்போர்டு பாடல் பட்டியலில் முதலிடம் பெற்ற முதற்பாடல் இதுவே. தாய்மொழியில் பாடியும் உலகை எட்டலாம் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? 2021இல் வந்த 'பெர்மிஷன் டு டான்ஸ்' பாடலின் ஆடலில் செவித்திறன் குறைந்தோர்க்கான சைகை மொழி இடம்பெற்றது.

இறுதியாக ஒன்று. சோ தைஜி குழுவினர் 1995இல் 'கம் பேக் ஹோம்' என்னும் பாடலைப் பாடினர். பெற்றோரோடு பிணங்கி வீட்டை விட்டு ஓடிய இளையோரை இல்லம் திரும்புமாறு அழைக்கும் பாடல் அது. அதனைக் கேட்டு வீடு திரும்பியோர் உண்டென அக்காலக் கொரியச் செய்திகள் கூறின. அதே பாடலை 2017இல் மீண்டும் பாடியோர் யாவர்? பி.டி.எஸ். குழுவினரே! எவரைக் காணக் கரூர்ச் சிறுமியர் இல்லம் நீங்கினரோ, அவர்களே 'இல்லம் திரும்பு' எனப் பாடியுள்ளனர். இதனை அச்சிறுமியர்க்கு எடுத்துரைக்க ஒருவர் இருந்திருப்பின், காட்பாடி வரை அவர்கள் சென்றிருக்க வேண்டியதில்லை.

கருத வேண்டியவை

கொரியப் பாடல் அனைத்தும் நன்று எனக் கூறோம். மதுவையும் பகட்டையும் பாடுவனவும், ஆடையிலும் ஆடலிலும் நம் இல்லங்கட்கு ஒவ்வாதனவும் உள. கொரிய நாட்டிலேயே 19 அகவைக்கு உட்பட்டோர்க்குத் தகாதவை எனப் பாடல்களைக் குறித்துவைக்கும் ஏற்பாடு உண்டு. அங்குள்ள இசைத்தளங்களில் அவற்றின் அருகே '19' என்னும் குறி காணப்படும். நாம் பயன்படுத்தும் செயலிகளில், ஆங்கில 'ஈ' எழுத்துக் கட்டத்துள் இருப்பின், அதில் தகாத சொல் உண்டென அறிக. காட்சியைப் பிள்ளைகட்குக் காட்டுமுன் பெரியோர் ஒருமுறை காணுதல் நலம். இசை பற்றி மார்க்க அறிஞரிடையே வேறுபட்ட கருத்துகள் உள. ஒவ்வோர் இல்லமும் தன் நெறிக்கேற்ப எல்லை வகுத்துக்கொள்க. எல்லையைக் காரணத்துடன் எடுத்துரைத்தல் மட்டும் மறவற்க.

மாணவர்க்கும் ஒரு சொல். மேடையில் காணும் ஒளிக்குப் பின்னே இளமையிலேயே தொடங்கும் பல்லாண்டுக் கடும்பயிற்சியும், உணவைக் குறைத்து உடலை வருத்தும் கட்டுப்பாடும் உண்டு. 2017, 2019 ஆகிய ஆண்டுகளில் புகழோடு விளங்கிய இளம் பாடகர் சிலர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டனர். அவர்களும் நம்மைப்போல் நோவும் மனிதரே. அவர்தம் பாட்டை விரும்புக. அவர்தம் நிறத்தையும் உருவத்தையும் கண்டு உம்மைத் தாழ்வாக எண்ணற்க.

வள்ளுவப் பெருந்தகை 'கேள்வி' என ஓர் அதிகாரமே வகுத்தார். கேட்டல் இளையோர்க்கு மட்டும் உரிய கடமையன்று. பிள்ளைகள் கேட்பதைப் பெற்றோரும் கேட்டல் வேண்டும். இக்கட்டுரையைப் படிக்கும் பெரியோர் இன்றிரவே தம் இல்லத்துப் பிள்ளையை அருகழைத்து, "உனக்குப் பிடித்த பாட்டு எது? அதன் பொருள் என்ன?" எனக் கேட்பாராக. பொருள் தெரியவில்லை எனில், இருவரும் சேர்ந்து தேடுவாராக. தகுதியை வரையறுத்துப் பின் ஓலை எடுத்த ஊர் நம்முடையது. அவ்வழக்கம் நம் இல்லங்களிலும் தொடர்தல் வேண்டும் என்பதே நம் விழைவு.