ஈர்க்கே தோட்டா

மலேசியாவின் ரிங்லெட் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: பன்றிக்கும் பறவைக்கும் பொதுவாக ஒரே வேட்டைத் துப்பாக்கி வைத்துக்கொள்வதென்றால் எந்தத் தோட்டா, குறிபார்க்க எந்தக் கருவி? இரண்டு கேள்விக்கும் விடை கண்ட ஆயுதம் அவர் தோட்டத்தை ஒட்டிய காட்டிலேயே இருக்கிறது. பூர்வகுடிகளான செமாய் மக்களின் சும்பிட் என்னும் ஊதுகுழல்.

குழல் எளியது. ஒரு கணுவிடையே ஏறத்தாழ இரண்டு மீட்டர் நீளும் மலைமூங்கில். உள்ளே ஒரு குழல், அதைக் காக்க வெளியே இன்னொன்று. சூட்சுமமெல்லாம் அம்பில்தான். பனை இன மரத்தின் மட்டையைச் சீவி எடுத்த ஈர்க்கு, வால்பக்கம் நெட்டிக் கூம்பு, காற்று கசியாதிருக்கப் பின்னால் கொஞ்சம் பஞ்சு. நுனியில் ஈப்போ மரத்துப் பாலைக் காய்ச்சிப் பூசுகிறார்கள். பெரிய இரைக்குப் பூச்சு கூடும். நுனிக்குச் சற்றுப் பின்னே ஒரு வெட்டு. குரங்கு பிடுங்கினால் தண்டுதான் கையோடு வரும், நஞ்சு பூசிய நுனி சதைக்குள் ஒடிந்து தங்கிவிடும்.

என்னை விடாமல் பிடித்திருப்பது அந்த நஞ்சுதான். ஈப்போ, பலா மரத்தின் உறவு. அதன் பால் இதயத் துடிப்பைக் குலைத்து நிறுத்தும். என் அப்பா இதயத்துக்காக விழுங்கிவந்த டிஜாக்சின் மாத்திரையும் இதே வகை வேதிப்பொருள்தான். ஆனால் மாத்திரையைக் குடல் நன்றாக உறிஞ்சும். ஈப்போ நஞ்சு ரத்தத்தில் நேரே கலந்தால் கொல்லும், குடல் வழியே மிகக் குறைவாகவே ஏறும். அதனால் அம்பு பட்ட இடத்தை அரிந்தெறிந்துவிட்டு மீதியைச் சமைத்து உண்கிறார்கள். தலைமுறைகள் கண்டறிந்தது இது. நாம் விளையாடிப் பார்க்கக் கூடாது.

குறிபார்க்கவோ குறிமுள் கிடையாது. இரு கண்ணும் திறந்தே இருக்கும். வாய் கண்களுக்கு நடுக்கோட்டில் இருப்பதால் குழலும் அங்கேயே நிற்கிறது. தொலைவில் இரையை நோக்கினால் குழல் இரண்டாகத் தெரியும். அவற்றின் நடுவே இரை. எவ்வளவு தூக்கிப் பிடிப்பது என்பதை மட்டும் பழகினால் போதும். தவறினாலும் சத்தமில்லை, மிரளாத குரங்குக்கு அடுத்த ஈர்க்கை ஏற்றலாம்.

இத்தனை அறிவையும் குட்டைக் குழலாக்கிச் சாயம் பூசிச் சுற்றுலாக் கடையில் தொங்கவிடுவது எனக்கு வலிக்கிறது. 2010-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், பூர்வகுடிகள் தம் உணவுக்காகச் சில விலங்குகளை வேட்டையாட இடம் தருகிறது. காய்கறித் தோட்டத்துக்காகச் சரிவுகளை வழித்தெடுப்பவர்களை அது தடுப்பதில்லை. அந்த நீள்கணு மூங்கிலோ எங்கும் வளர்வதில்லை, உயர்ந்த மலைகள் சிலவற்றில்தான்.