புலிக்கும் நமக்கும் நடுவே ஒரு பள்ளம்

மைசூரு ஜூவுக்குப் போகிறவர்கள் புலியைப் பார்க்கிறார்கள். புலிக்கும் தங்களுக்கும் நடுவே வெட்டியிருக்கும் அகழியைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. யாரும் கவனிக்கக் கூடாது என்றுதான் அதை அப்படி வெட்டியிருக்கிறார்கள். நேராக நின்று பார்த்தால் நம் பக்கத்துச் செடிவரிசைக்கு அப்பால் புல்தரை, அதில் புலி, அவ்வளவுதான். பாதை வளைகிற இடத்தில் நின்று பக்கவாட்டில் நோக்கினால்தான் பள்ளம் தெரியும். பேட்டரி வண்டியில் சுற்றுகிறவர்களுக்கு அந்தக் கோணம் கிடைப்பது கடினம். பார்வையாளர் பாதை ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர்தான். முழங்கால் ஒத்துழைத்தால் நடந்துவிடுவது நல்லது.

1892இல் பத்தாம் சாமராஜ உடையார் காலத்தில் 10 ஏக்கரில் அரண்மனையின் மிருகக்காட்சி சாலையாகத் தொடங்கிய இடம் இது. 1909இல் அவர் பெயரையே சூட்டினார்கள். இன்று பரப்பு 157 ஏக்கர். வண்டலூரின் 602 ஹெக்டேரோடு ஒப்பிட்டால் சின்னதுதான். நடந்து பார்க்க அந்தச் சிறுமையே வசதி. தோட்டத்தை வடிவமைத்தவர் என்று ஜெர்மானியரான க்ரும்பீகலைச் சொல்வார்கள். லால்பாக்கிலும் பிருந்தாவனத்திலும் அவர் செய்த வேலை ஊரறிந்தது. ஆனால் அவர் பரோடாவுக்கு வந்து சேர்ந்ததே 1893இல்தான். முதல் பத்து ஏக்கரில் அவருக்குப் பங்கு இருந்திருக்க வழியில்லை. பின்னால் விரிந்த தோட்டத்தையே அவர் கணக்கில் எழுத வேண்டும்.

கம்பிக்குப் பதில் பள்ளம் என்ற ஏற்பாட்டைப் பிரபலமாக்கியவர் வேறொரு ஜெர்மானியர்: ஹாம்பர்க் நகர மிருக வியாபாரி கார்ல் ஹாகன்பெக். 1896இல் காப்புரிமை வாங்கி, 1907இல் ஸ்டெல்லிங்கனில் தன் பூங்காவைத் திறந்தார். முன்னால் குளமும் பறவைகளும், அதற்குப் பின்னால் புல் மேயும் விலங்குகள், இன்னும் பின்னால் சிங்கங்கள், கடைசியில் செயற்கைக் குன்றின்மேல் மலையாடுகள். நடுவே இருந்த அகழிகள் கண்ணுக்குத் தெரியாததால் எல்லாம் ஒரே நிலத்தில் உலவுவதுபோலத் தோன்றியது. எந்த மிருகம் எவ்வளவு தூரம், எவ்வளவு உயரம் தாவும் என்று முன்கூட்டியே சோதித்துப் பார்த்துத்தான் அகலத்தை முடிவு செய்தார். இதே மனிதர்தான் தொலைதேசத்து மக்களையும் ஐரோப்பாவுக்குக் கொண்டுபோய்க் காட்சிக்கு வைத்துக் காசு பார்த்தவர். இலங்கையிலிருந்து போனவர்களும் அதில் உண்டு. கொழும்பின் தெஹிவளை மிருகக்காட்சி சாலை அவர் தம்பி ஜான் சேர்த்து வைத்திருந்த மிருகங்களிலிருந்துதான் முளைத்தது.

அகழியின் சூத்திரம் எளிது. மிருகத்தின் பக்கம் சரிவாக இறங்கும். நம் பக்கம் செங்குத்துச் சுவராக எழும். தவறி இறங்கிவிட்ட மிருகம் தன் பக்கத்துக்கே ஏறிப் போய்விடலாம், இந்தப் பக்கம் வர முடியாது. நம் நடைபாதையைக் கொஞ்சம் உயர்த்தி, சுவரின் விளிம்பைச் செடிகளால் மறைத்துவிட்டால் கண்ணுக்குக் காட்டும் வித்தையும் முடிந்தது. மற்றதெல்லாம் எந்த மிருகத்துக்கு என்பதைப் பொறுத்தது.

ஒட்டகச்சிவிங்கி இருப்பதிலேயே சுலபம். ஐந்து மீட்டர் உயரத்தில் தலை இருந்தாலும் செங்குத்துச் சரிவில் அந்த நீண்ட கால்களை வைக்க அதற்கு மனம் வராது. ஆழமில்லாத பள்ளமே போதும்.

புலி அப்படியல்ல. அகலமான அகழி இருந்தால் ஆபத்தில்லை என்று நாம் நினைப்போம். அப்படித்தான் சான் பிரான்சிஸ்கோவிலும் நினைத்திருந்தார்கள். அங்கே அகழியின் அகலம் சுமார் 10 மீட்டர். 2007 கிறிஸ்துமஸ் அன்று தாத்தியானா என்ற சைபீரியப் புலி வெளியே வந்து ஓர் இளைஞரைக் கொன்றது, இருவரைக் காயப்படுத்தியது. அது அகழியைத் தாண்டியிருக்காது, உள்ளே இறங்கி, பார்வையாளர் பக்கத்துச் சுவரைப் பற்றி ஏறியிருக்கும் என்று கருதினார்கள். சுவரை அளந்து பார்த்தபோது 3.8 மீட்டர். ஐந்து மீட்டராவது இருக்க வேண்டும் என்று அமெரிக்க மிருகக்காட்சி சாலைகளின் சங்கம் பரிந்துரைத்திருந்தது. அந்தச் சுவர் பல்லாண்டுகள் அப்படியே இருந்தது. தாத்தியானாவுக்கு முந்திய புலிகளுக்கு ஏறத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

2014 செப்டம்பரில் டெல்லி மிருகக்காட்சி சாலையில் நடந்தது இதற்கு நேர்மாறு. வெள்ளைப் புலியின் வறண்ட அகழிக்குள் ஓர் இளைஞர் போய்விட்டார். புலி சில நிமிடங்கள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றது. மேலே இருந்தவர்கள் கத்தினார்கள், கல்லெறிந்தார்கள். கடைசியில் புலி அவர் கழுத்தைக் கவ்விக்கொண்டு போயிற்று. அன்று அகழி தன் வேலையைச் சரியாகச் செய்தது, புலி வெளியே வரவில்லை. ஆனால் அதே செங்குத்துச் சுவர் விழுந்தவரையும் ஏற விடாது, காப்பாற்ற நினைப்பவரையும் இறங்க விடாது. குழந்தையைக் கைப்பிடிச் சுவரின்மேல் உட்கார வைத்துப் படம் எடுக்கும் அப்பாக்களைக் காவலர்கள் விசிலடித்து விரட்டினால் கோபித்துக்கொள்ள நமக்கு உரிமையில்லை.

குரங்கினத்துப் பெரியவர்களுக்கு வேறு கணக்கு. மைசூருவின் போலோ, இந்தியாவில் அப்போதிருந்த ஒரே கொரில்லா, 2014இல் இறந்துபோனது. 2021இல் ஜெர்மனியிலிருந்து தாபோ, டெம்பா என்று இரண்டு ஆண் கொரில்லாக்கள் வந்தன. கொரில்லாவுக்கும் சிம்பன்சிக்கும் இயல்பாக நீந்த வராது. ஆகவே பல நாடுகளில் அவற்றைச் சுற்றித் தண்ணீர் நிரப்பி வைத்தார்கள். தப்பிக்க முடியவில்லை என்பது உண்மைதான். தவறி விழுந்தவை மூழ்கிச் செத்தன என்பதும் உண்மை. அதனால் இப்போது நீர் அகழி வைக்கிறவர்கள் கரையோரத்தை ஆழமில்லாமல் வைக்கிறார்கள், பற்றி ஏறக் கயிறு கட்டுகிறார்கள். சிலர் தண்ணீரையே விட்டுவிட்டுத் தடித்த கண்ணாடிக்கு மாறிவிட்டார்கள். கண்ணாடியில் இன்னொரு தொல்லை: அதைத் தட்டிப் பார்க்காமல் நம் ஆட்களால் நகர முடியாது.

அகழி என்பது இயந்திரத்தின் பாதிதான். மறு பாதி பின்னால் இருக்கிறது. புதர்களுக்கும் பாறைகளுக்கும் பின்னே தாழ்வான ஒரு கட்டடம் ஒளிந்திருக்கும். அது இரவுக் கொட்டடி. தொலைவில் நின்றபடி இழுத்துத் திறக்கிற இரும்புக் கதவுகள் அதற்கு உண்டு. மாலையானால் மிருகங்களை அங்கே வரவழைப்பது மிரட்டல் அல்ல, சாப்பாடு. சாயங்காலம் எல்லா மிருகமும் ஒரே திசையில் போய் நிற்பதைப் பார்த்தால் கொட்டடி எங்கே என்று சொல்லிவிடலாம். காலையில் கதவு திறந்த சில மணி நேரம்தான் அவை சுறுசுறுப்பாக நடமாடும். எட்டரைக்கே உள்ளே போய்விடுங்கள். மதியம் போனால் தூங்குகிற வால்களைத்தான் பார்க்கலாம். செவ்வாய்க்கிழமை விடுமுறை.

பக்கத்திலேயே காரஞ்சி ஏரி இருக்கிறது. அங்கே அகழிக்கு வேலையில்லை. பெரிய வலைக்கூண்டுக்குள் நாமே நுழைந்து பறவைகளுக்கு நடுவே நடக்கலாம். ஏரித்தீவுகளில் இருக்கும் மஞ்சள் மூக்கு நாரைகளும் கூழைக்கடாக்களும் எந்தக் கணக்கேட்டிலும் இல்லாதவை. அவை தாமாக வந்து தாமாகப் போகின்றன.

யானையை மட்டும் கடைசிக்கு வைத்திருக்கிறேன், ஏனென்றால் அதன் அகழி ஜூவோடு முடிவதில்லை. வளர்ந்த யானையால் நான்கு காலையும் ஒரே நேரத்தில் தரையிலிருந்து தூக்கித் தாவ முடியாது. ஓரெட்டில் கடக்க முடியாத பள்ளம் இருந்தால் போதும். இது நம் நாட்டில் மிகப் பழைய அறிவு. மெகஸ்தனிஸ் சொன்னதாக கிரேக்கர்கள் எழுதி வைத்திருக்கும் யானை பிடிக்கும் முறையில், வெட்டவெளியைச் சுற்றி ஆழமான அகழி, உள்ளே போக ஒரே ஒரு பாலம், உள்ளே பழகிய பெண் யானைகள். மைசூரு சமஸ்தானத்தில் 1870களில் சாண்டர்சன் என்பவர் தொடங்கி வைத்து, காக்கனகோட்டையில் பேர்பெற்று, 1971 வரை நடந்த ‘கெட்டா’ என்ற யானை பிடிப்புகளும் ஏறக்குறைய அதே வழிதான். மரவேலியோடு பள்ளமும் உண்டு.

இப்போது அதே பள்ளத்தைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். பந்திப்பூர், நாகரஹொளே காடுகளின் ஓரத்தில் வயலுக்குள் யானை வராமலிருக்க வனத்துறை வெட்டியிருக்கும் அகழிகள் மேலே சுமார் மூன்று மீட்டர் அகலம், அதே அளவு ஆழம், அடியில் குறுகல். தாவ முடியாத யானை இதற்கு என்ன செய்யும் என்பது பட்டினப்பாலைக்கே தெரியும். பகைவர் சிறையிலிருந்து மீண்ட கரிகாலனை, குழியில் விழுந்து அதன் கரையைக் குத்தித் தூர்த்து மேலேறிய களிற்றுக்கு ஒப்பிடுகிறது அது. காட்டோரத்து யானைகளும் அதைத்தான் செய்கின்றன: விளிம்பு மண்ணைக் காலால் தள்ளி உள்ளே சரித்து, வழி பண்ணிக்கொண்டு இறங்கி ஏறுகின்றன. மழைக்குக் கரை தானாகவும் இடியும். பாறை நிலத்தில் தோண்டவே முடியாது.

அதனால் கர்நாடகத்தில் பழைய ரயில் தண்டவாளங்களை நட்டு வேலி போடுகிறார்கள். 2018 டிசம்பரில் நாகரஹொளேயில் ஓர் ஆண் யானை அதன்மேல் ஏறித் தாண்டப் பார்த்து, மாட்டிக்கொண்டு இறந்தது. மைசூருவிலிருந்து குண்டலுப்பேட்டை, பந்திப்பூர் வழியாக ஊட்டிக்கு வருகிறவர்கள், காடு தொடங்கும் இடத்தில் சாலையை விட்டுக் கொஞ்சம் வயல் பக்கம் பார்த்தால் இந்த அகழிகளும் வேலிகளும் கண்ணில் படலாம். வண்டியை விட்டு மட்டும் இறங்காதீர்கள். அந்தச் சாலையில் அதற்கு அனுமதி இல்லை.