ஒதுக்க முடியாத கேரட்

என் தம்பி சாப்பிட்டு எழுந்தால் தட்டு ஓரத்தில் கேரட், பீன்ஸ் எல்லாம் வரிசையாக இருக்கும். போன ஞாயிறு அம்மாவும் நானும் மக்ரோனி செய்தோம். 100 கிராமுக்கு 1 லிட்டர் தண்ணீர். கொதித்ததும் உப்பு போட்டு வேகவிடணும். வடிக்கும்போது அந்தத் தண்ணீரில் அரை டம்ளர் எடுத்து வையுங்க, கொட்டிடாதீங்க! அதில் மாவுச்சத்து இருக்கு. வெங்காயம், தக்காளியோடு துருவிய கேரட்டைக் குழைய வதக்கி அதை ஊற்றினால், கெட்டியாகி மக்ரோனியின் ஓட்டைக்குள்ளேயும் ஒட்டிக்கும். ஒதுக்கவே முடியாது. பீன்ஸைத் துருவ முடியாதே! பொடியாக நறுக்கிப் போட்டோம். ஒன்றுவிடாமல் ஒதுக்கிட்டான். இரண்டாம் முறை கேட்டபோது, "இதில் கேரட் இருக்குடா" என்று சொல்லிட்டேன். முறைத்தான். ஆனால் நீட்டிய தட்டை எடுக்கவில்லை.