படிவம் வேறு, பதிவேடு வேறு

கோலார் தங்க வயலில் என் பெரியப்பா இருக்கிறார். 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்டபோது வேலையை விட்டு வெளியே வந்தவர். பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது, "ஏம்பா, கம்ப்யூட்டர்ல என் போன் நம்பரை மாத்திக் குடேன்" என்றார். ஓர் அலுவலகத்தின் இணையதளம் அது. எந்த அலுவலகம் என்பது இங்கே வேண்டாம். பழைய எண்ணை அழித்துப் புதிய எண்ணை இட்டுப் பொத்தானை அழுத்தினேன். 'குடும்பப் பெயரில் குறைந்தது இரண்டு எழுத்துகள் இருக்க வேண்டும்' என்று சிவப்பில் வந்து நின்றது.

மாற்ற வந்தது போன் நம்பரை; அது குறை கண்டதோ பெயரில்! பெரியப்பாவின் பதிவில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் அவர் தந்தையாரின் இனிஷியல் 'எம்' மட்டும் இருந்தது. நம்மவர் பலருக்கும் அப்படித்தானே? பெரியப்பா சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இப்படிப்பட்ட இணையதளங்களை எழுதுவதுதான் என் பிழைப்பு.

கோளாறு எங்கே என்று பார்ப்போம். எந்த அலுவலகத்திலும் இரண்டு காகிதங்கள் உண்டு. ஒன்று நாம் நிரப்பிக் கொடுக்கும் படிவம். மற்றது உள்ளே அலமாரியில் இருக்கும் பதிவேடு. படிவம் அன்றைய காரியத்துக்கு மட்டும். பதிவேடு அலுவலகத்தின் நிரந்தர ஞாபகம். நாம் எழுதியதைக் குமாஸ்தா படித்து, சரிபார்த்து, வேண்டியதை மட்டும் பதிவேட்டில் ஏற்றுவார். பதிவேட்டையே ஜன்னல் வழியாக நீட்டி, "நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்" என்று எந்தக் குமாஸ்தாவும் சொல்லமாட்டார்.

புரோகிராம் எழுதும் நாங்கள் சொல்கிறோம்! பதிவேட்டின் கட்டங்களை (நாங்கள் 'மாடல்' என்போம்) ஒருமுறை எழுதிவிட்டால், அதைப் பார்த்துப் படிவத்தைத் தானே தயாரித்துத் தரும் கருவிகள் உண்டு. ஜாங்கோ என்ற சாதனத்தில் இதற்கு 'மாடல்ஃபார்ம்' என்று பெயர். பத்து வரியில் வேலை முடிந்துவிடும். பெயர், ஊர், கருத்து என்று மூன்றே கட்டங்கள் என்றால் நானும் அதைத்தான் பயன்படுத்துவேன். அதற்குப் போய் இரண்டாகப் பிரித்துக்கொண்டிருப்பது வெட்டி வேலை. ஆனால் பதிவேடு வளர வளர வில்லங்கம் தொடங்கும்.

பெரியப்பாவுக்கு நேர்ந்தது அதுதான். 'இரண்டு எழுத்து வேண்டும்' என்ற விதியை யாரோ பின்னாளில் பதிவேட்டின் மேலேயே எழுதிவிட்டார்கள் போலும். அவருடைய பதிவு அதற்கு முன்பே ஏறியது. ஆகவே அதில் எந்தக் கட்டத்தைத் தொட்டாலும் புது விதி வந்து மறிக்கிறது. போன் எண் மாற்றத்துக்கென்று தனிப் படிவம் இருந்திருந்தால், பத்து இலக்கம் சரிதானா என்று மட்டும் பார்த்துவிட்டுப் போயிருக்கும்.

படிவம் எதைக் கேட்கிறது என்பது தங்க வயலுக்குப் புதிய வழக்கல்ல. தொழிலாளர் பதிவுக்குக் கைரேகை கேட்டதை எதிர்த்து 1930-இலேயே அங்கே வேலைநிறுத்தம் நடந்தது.

இதில் ஆபத்தும் இருக்கிறது. உலாவியிலிருந்து வருவதையெல்லாம் அப்படியே பதிவேட்டில் ஏற்றினால், படிவத்தில் இல்லாத கட்டத்தையும் ஒருவர் சேர்த்து அனுப்பிவிடலாம். 2012 மார்ச்சில் கிட்ஹப் தளத்தில் இது நடந்தே விட்டது. அத்தளம் ரெயில்ஸ் என்ற சாதனத்தில் எழுதப்பட்டது. இந்த ஓட்டையை யெகோர் ஹோமகோவ் என்ற ரஷ்ய இளைஞர் ரெயில்ஸ் குழுவினரிடம் முன்பே எடுத்துச் சொல்லியும் அவர்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தம் கணக்குக்கான சாவியைப் பதியும் படிவத்தில், 'இது இன்னாருடையது' என்ற கட்டத்தையும் அவர் நுழைத்து அனுப்பினார். அவருடைய சாவி ரெயில்ஸ் குழுவின் பெயரில் பதிவாகிவிட்டது! அவர்கள் வீட்டுக்குள்ளேயே போய் எழுதிக் காட்டினார். 2013-இல் வந்த ரெயில்ஸ் 4, எந்தெந்தக் கட்டங்களை ஏற்கலாம் என்பதை முன்கூட்டியே சொல்லவேண்டும் என்று ஆக்கியது. ஜாங்கோவும் பிறகு அவ்வழிக்கே வந்தது.

பெயரைப் பொறுத்தவரை என் வழக்கம் இது. பதிவேட்டில் முழுப்பெயருக்கு ஒரே நீண்ட கட்டம். அவர் எப்படி எழுதுகிறாரோ அப்படியே. வெளியார் யாரேனும் இரண்டாகக் கேட்டால், அந்தக் காரியத்துக்கான படிவத்தில் மட்டும் இரண்டு கட்டம் போடுவேன். கேட்கத்தான் செய்கிறார்கள். கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா விசாவில் ஏற்பதில்லை என்று 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தது. கடவுச்சீட்டின் இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயர் இருந்தால் போதும் என்று பிறகு தளர்த்தியது. இப்படி ஊருக்கு ஊர் மாறும் விதிக்காகப் பதிவேட்டில் பெயரை உடைத்து வைத்தால், எந்தத் துண்டு அப்பா, எந்தத் துண்டு பிள்ளை என்று பிற்பாடு யார் சொல்வது?

பெரியப்பா விஷயத்துக்கு வருகிறேன். அரை மணி நேரம் போராடிப் பார்த்துவிட்டு, அந்த 'எம்'மை இரண்டு தடவை அடித்தேன். உடனே ஏற்றுக்கொண்டது. போன் நம்பர் மாறிவிட்டது. இப்போது பாங்க் பாஸ்புக்கில் ஒரு இனிஷியல், அந்தப் பதிவேட்டில் இரண்டு. அதைத் திருத்த என்ன படிவம் என்று கேட்டுவரத்தான் அடுத்த வாரம் பெரியப்பாவை அழைத்துக்கொண்டு போகிறேன்.