ஒரு கிண்ணத்துக்கு எத்தனை கள்ளி?

தொட்டிக்குள் ஒரு தோட்டம் – 9

நர்சரிகளில் சில கள்ளிகள் வருடம் முழுக்கப் பூத்தபடியே இருக்கும். ரோஸ், மஞ்சள், ஆரஞ்சு என்று தூரத்திலிருந்தே கண்ணை இழுக்கும். கிட்டே போய்ப் பார்த்தால் பூவுக்கு அடியில் பசை பளபளக்கும். காகிதம் போலக் காய்ந்த பூ ஒன்றைச் செடியின் உச்சந்தலையில் ஒட்டியிருப்பார்கள். செடியின் வளரும் நுனியே அங்கேதான் இருக்கிறது என்பது ஒட்டியவரின் கவலை இல்லை.

அதே வரிசையில், பச்சைத் தண்டின் மேல் சிவப்பு உருண்டை உட்கார்ந்திருக்கும் 'மூன் கேக்டஸ்' இருக்கும். இது பசை வேலை இல்லை, ஒட்டு வேலை. 1941-இல் ஜப்பானில் எய்ஜி வாட்டனபே என்ற நர்சரிக்காரரின் நாற்றுகளில் பச்சையமே இல்லாத சிவப்புக் குட்டிகள் முளைத்தன. பச்சையம் இல்லாவிட்டால் உணவு தயாரிக்க முடியாது என்பதால், வேறொரு கள்ளியின் மேல் ஒட்டுக் கட்டிப் பிழைக்க வைத்தார். இன்று அடித்தண்டாகப் பெரும்பாலும் டிராகன் பழக் கொடியின் இனமே பயன்படுகிறது. மேலும் கீழும் ஒரே வேகத்தில் வளராததால், சில வருடங்களில் ஒட்டு விட்டுப்போகும். நீண்ட நாள் நிற்க வேண்டிய கிண்ணத்தில் இதை நடுநாயகமாக வைப்பது வீண்.

இன்னொரு சோதனையும் கடையிலேயே செய்துவிடலாம். உண்மையான கேக்டஸில் ஒவ்வொரு முள் கொத்தும் பஞ்சு போன்ற ஒரு சின்னத் திண்டிலிருந்து கிளம்பும். அந்தத் திண்டு இல்லாமல், கீறினால் பால் வடிந்தால் அது நம்மூர் சதுரக்கள்ளியின் உறவு. வளர்ப்பதில் தப்பில்லை. ஆனால் அந்தப் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து, குழந்தைகள் உள்ள வீட்டில் யோசிக்க வேண்டும்.

இனி தலைப்பில் உள்ள கேள்வி. 8 அங்குலக் கிண்ணத்துக்கு மூன்று செடி போதும். கடையில் ஏழெட்டை நெருக்கி நட்டு விற்பது அன்றைய அழகுக்காக. அதிலும் கள்ளிக்குப் பக்கத்தில் எச்சிவேரியா, ஹவொர்த்தியா போன்ற சதைச்செடிகளும் சேர்ந்திருக்கும். ஹவொர்த்தியாவுக்கு நிழல் பிடிக்கும், கள்ளிக்கு வெயில் வேண்டும். ஒன்றுக்குத் தண்ணீர் விடும் நாளில் மற்றது அழுகும். ஒரே தாகமும் ஒரே வெயிலும் உள்ளவற்றைச் சேர்ப்பதே கிண்ணம் அமைக்கும் கலையின் முக்கால் பங்கு. பின்னால் உயரமாக ஒரு செரியஸ், முன்னால் கொத்தாக வளரும் ஒரு மாமில்லேரியா, நடுவில் ஒரு கோல்டன் பேரல். இந்த மூன்றும் சமவெளி வெப்பத்தைத் தாங்கும். ஆண்டிஸ் மலைக்காரியான ரெபூட்டியாவை ஊட்டி, கொடைக்கானல்காரர்களுக்கு விட்டுவிடலாம்.

கோல்டன் பேரலின் கதை விசித்திரமானது. உலகமெங்கும் லட்சக்கணக்கில் வளர்க்கப்படும் இது, சொந்த மண்ணான மெக்சிகோவில் அழிவின் விளிம்பில் இருக்கிறது. 1990-களில் கட்டிய சிமாபான் அணை அதன் வாழிடத்தில் ஒரு பகுதியை மூழ்கடித்துவிட்டது.

கிண்ணத்தின் அடியில் ஓட்டை இருக்க வேண்டும். இதில் சமரசம் இல்லை. ஓட்டையில்லாத கண்ணாடிக் கிண்ணத்தில் அடியில் ஜல்லி போட்டால் தண்ணீர் வடிந்துவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். நடப்பது வேறு. நுண்ணிய மண் தண்ணீரை இறுகப் பிடித்துக்கொள்ளும். முழுக்க நனைந்து ததும்பிய பிறகே ஜல்லிக்குள் விடும். ஜல்லியின் உயரத்துக்கு ஈர மட்டம் மேலே ஏறி, வேரின் காலடிக்கே வந்துவிடும்.

மண் கலவைக்குச் செம்மண் ஒரு பங்கு, பருமணல் இரண்டு பங்கு, நன்றாக மக்கிய தொழு உரம் அரைப் பங்கு. எம்-சாண்ட் என்றால் தூளைச் சலித்துத் தள்ளிவிட்டுச் சல்லடையில் நிற்பதை மட்டும் எடுக்க வேண்டும். கடற்கரை மணலில் உப்பு இருக்கும், அது வேண்டாம்.

நடும்போது செய்தித்தாளை நாலாக மடித்து, பட்டையாகச் செடியின் இடுப்பில் சுற்றிப் பிடித்தால் கை தப்பும். நர்சரித் தொட்டியில் வரும் தேங்காய் நார்த்தூளை உதிர்த்துவிட வேண்டும். நனைந்தால் நாள்கணக்கில் ஈரம் காக்கும், ஒரேயடியாகக் காய்ந்தால் தண்ணீரை உள்ளே விடாது. வேரில் விழுந்த காயம் ஆற இரண்டு மூன்று நாள் நிழலில் கிடக்கட்டும். பிறகு காய்ந்த மண்ணில் நட்டு, ஒரு வாரம் கழித்துத்தான் முதல் தண்ணீர். மேலே கூழாங்கல் பரப்பலாம். தண்டின் கழுத்து ஈரமில்லாமல் இருக்கும். கடைக்காரர் பசை போட்டு ஒட்டிய கல்லாக இருந்தால் பெயர்த்து எறிய வேண்டும், அதன் கீழே என்ன நடக்கிறது என்றே தெரியாது.

தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒரு முறை என்ற கேள்விக்கு நாள்கணக்கில் பதில் கிடையாது. எரிந்து முடிந்த ஊதுபத்திக் குச்சியை மண்ணில் ஆழமாகச் செருகி எடுத்தால், ஈர மண் ஒட்டிக்கொண்டு வரும். ஒட்டாமல் வந்தால், அடியில் வடியும்வரை தாராளமாக ஊற்றலாம். ஆர்.ஓ. இயந்திரம் கழிக்கும் தண்ணீரை வீணாக்க மனமில்லாமல் செடிக்கு ஊற்றும் பழக்கம் நகரங்களில் பெருகிவிட்டது. அதில் உப்பு செறிந்திருக்கும். மண்மேல் வெள்ளையாகப் படிவது அதுதான்.

வெளிநாட்டுப் புத்தகங்களின் நாட்காட்டி சென்னைக்கு ஒத்துவராது. அங்கே குளிர்காலம் ஓய்வு. இங்கே ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. கத்திரி வெயிலில் பிழைத்த கள்ளி கார்த்திகை மழையில் சாகும். ஐப்பசி பிறக்கும் முன்பே கிண்ணத்தைக் கூரைக்கு அடியில், காற்றோட்டமும் வெளிச்சமும் உள்ள இடத்துக்கு மாற்றிவிட வேண்டும். மாற்றி நடுவதற்கு மாசி, பங்குனி நல்ல காலம். வரவேற்பறை மேசையில் வருடம் முழுக்க வைத்தால் தண்டு வெளிறி, நுனி மெலிந்து நீளும். மெலிந்த பகுதி பிறகு பருக்காது. அதற்காகத் திடீரென்று உச்சி வெயிலில் வைத்தால் தோல் வெந்து தழும்பாகும். கிழக்கு வெயிலில் தொடங்கி, மெல்லப் பழக்க வேண்டும்.

கடைசியாகப் பூச்சி. முள் இடுக்கில் வெள்ளையாக இருந்தால் மாவுப்பூச்சி. பட்ஸில் ஸ்பிரிட் தொட்டு ஒற்றினால் போகும். சப்பாத்திக்கள்ளி இனங்களில் அதே போன்ற வெள்ளைப் பஞ்சை நசுக்கினால் விரல் ரத்தச் சிவப்பாகிவிடும். அது சாயப்பூச்சி. ஐரோப்பியத் துணிகளைச் சிவக்க வைத்த அந்தச் சாயத்துக்காக, 1780-களின் இறுதியில் சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டமே போட்டார். 1795-இல் கேப்டன் நீல்சன் என்பவர் பிரேசிலிலிருந்து கல்கத்தாவுக்குப் பூச்சியைக் கொண்டுவந்தார். வந்தது மட்டமான சாயம் தரும் வேறு இனம். அது சாயம் தந்ததைவிடக் கள்ளியைத் தின்றதே அதிகம். 1860-களில் தென்னிந்தியாவில் பரவிக் கிடந்த ஒருவகைக் கள்ளியை ஒழிக்க அதையே வேண்டுமென்று விட்டார்கள். அது தொடாத இன்னொரு வகைக்காக, 1926-இல் இலங்கையிலிருந்து வேறொரு சாயப்பூச்சி வரவழைக்கப்பட்டது. காடுகாடாகத் தின்று தீர்த்த பரம்பரை என்பதால், பால்கனியில் கண்டால் தயங்க வேண்டாம். பஞ்சு அடர்ந்த மடலைக் கணுவோடு வெட்டி, உறையில் கட்டிக் குப்பையில் போட்டுவிட்டு, மிச்சச் செடியைக் குழாய்த் தண்ணீரின் வேகத்தில் கழுவிக் கிண்ணத்தைத் தனியே வைக்கவும்.

(தொடரும்)